பல் சொத்தை: துளை விழும் முன்னே செய்ய வேண்டியவை

பல்லில் வலி எடுத்த பிறகே பல் மருத்துவரைத் தேடிப் போவது நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். வலி வந்த பின்னர் அங்கு நமக்குக் கிடைப்பவை துளைத்து அடைப்பதும், வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்வதும், அதுவும் ஆகாவிட்டால் பிடுங்குவதுமே ஆகும். இதைக் கண்டு, சொத்தை என்றாலே துளைக்கும் இயந்திரம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். குழந்தைகளோ அந்த இயந்திரத்தின் ஓசையைக் கேட்டதுமே அலறத் தொடங்கிவிடுகின்றனர்.

இந்த முடிவு சரியன்று. சொத்தைக்கு வலியே இல்லாத ஓர் ஆரம்ப நிலை உண்டு. அந்நிலையில் கண்டுகொண்டால் துளையிடாமலேயே அதை நிறுத்திவிடலாம். பல் இழந்த சத்தின் ஒரு பகுதியை அது திரும்பப் பெறும்படியும் செய்யலாம். ஆனால் அதற்குரிய காலம் குறுகியது. அதைத் தவறவிட்டால் மீண்டும் வராது. ஆகவே ஆரம்ப நிலையை அறிவது எப்படி, அப்போது உள்ள சிகிச்சைகள் எவை, அவற்றின் எல்லை எது என்பவற்றை இங்கு வரிசையாகக் காண்போம்.

இது சிறிய விஷயமன்று. உலகில் சுமார் 200 கோடிப் பேருக்கு நிலையான பற்களிலும், 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால் பற்களிலும் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

பூச்சி என்பது எது?

'பல்லில் பூச்சி விழுந்துவிட்டது' என்று சொல்கிறோம். உண்மையில் பல்லுக்குள் புழுவோ பூச்சியோ கிடையாது. புகை போட்டுப் பூச்சியை வெளியே எடுத்துக் காட்டுவோர் செய்வது கைவித்தையே அன்றி வைத்தியமன்று.

நடப்பது இதுதான். பல்லின் மேல் எந்நேரமும் ஒரு மெல்லிய பிசின் போன்ற படலம் படிந்துகொண்டே இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்பது அவற்றுள் முக்கியமான ஒன்று. நாம் உண்ணும் சர்க்கரையை இக்கிருமிகளும் உண்டு, அமிலத்தை வெளியிடுகின்றன. பல்லின் மேலோடான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கடினமான தாதுப்பொருளால் ஆனது. அமிலம் பட்டதும் அந்தத் தாது கரைந்து வெளியேறுகிறது.

அமிலத்தை அளக்கும் பி.எச். என்ற அளவில் 7 என்பது நடுநிலை. எண் குறையக் குறைய அமிலம் மிகும். வாயில் அந்த எண் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே அது கீழே இறங்குகிறது என்பதையும், பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கிறது என்பதையும் 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அளந்து காட்டினார்.

திரும்பச் செய்வது எது? உமிழ்நீர்தான். அல்லாஹ் நம் வாயிலேயே வைத்துள்ள மருந்து அது. உமிழ்நீர் அமிலத்தை முறிக்கிறது. தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் பல்லுக்கு மீண்டும் ஊட்டுகிறது. ஆக, பல்லில் நாள்தோறும் செலவும் வரவும் நடந்துகொண்டே இருக்கின்றன. செலவு மிகுந்து வரவு குறைந்தால்தான் சொத்தை உண்டாகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். எவ்வளவு இனிப்பு உண்டோம் என்பதைப் போலவே, எத்தனை தடவை உண்டோம் என்பதும் கவனிக்கத்தக்கது. ஒருவர் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு தடவை இனிப்பு உண்கிறார். மற்றொருவர் நாளொன்றுக்கு ஐந்து தடவை சர்க்கரை போட்ட தேநீரும் பிஸ்கட்டும் உண்கிறார். முன்னவரின் பல் அமிலத்தில் இருப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம். பின்னவரின் பல்லோ இரண்டரை மணி முதல் ஐந்து மணி நேரம் வரை அமிலத்தில் ஊறுகிறது. உமிழ்நீர் வேலை செய்ய அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

முதல் அடையாளம்: வெண்திட்டு

சொத்தை என்றதும் கறுப்புக் குழியைத்தான் நாம் நினைக்கிறோம். அது முடிவை நோக்கிய நிலை. தொடக்கமோ வெள்ளை நிறம். எனாமலின் மேற்பரப்பு உடையாமல் இருக்க, அதற்குச் சற்று உட்புறத்திலிருந்து தாது வெளியேறிவிடுவதால், அவ்விடம் சுண்ணாம்பு தடவியது போல் ஒளியிழந்து வெளுத்துக் காணப்படும். இதைத்தான் வெண்திட்டு என்கிறோம்.

இதைக் காண்பதற்கு முறை உண்டு. முதலில் பல்லை நன்றாகத் துலக்கிப் படலத்தை நீக்க வேண்டும். பிறகு சுத்தமான துணியால் ஈரத்தைத் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பல் ஈரமாக இருக்கும்போது வெண்திட்டு மறைந்துவிடும்; உலர்ந்த பின்னரே தெரியும். சிறு குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கி, முன்பற்கள் ஈறோடு சேரும் ஓரத்தைத் தாய்மார்கள் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வெளுக்கிறது.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சொத்தையன்று. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தோருக்கும், பல் உருவாகும்போதே குறை ஏற்பட்டோருக்கும் வெண்மை இருக்கலாம். அது பல காலமாக மாறாமல் இருக்கும். ஃபுளோரைடினால் வந்ததாயின் இடமும் வலமும் உள்ள இணைப் பற்களில் பெரும்பாலும் ஒன்றுபோலக் காணப்படும். சொத்தையின் வெண்திட்டோ படலம் தேங்கும் இடங்களில், அதாவது ஈறோரத்திலும் கடைவாய்ப் பற்களின் பள்ளங்களிலும் இரண்டு பற்கள் ஒட்டும் இடத்திலும் வரும். ஒட்டும் இடத்தில் வருவது கண்ணுக்குப் புலப்படாது. எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். முடிவாகச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

வெண்திட்டைக் கூரிய ஊசியால் அழுத்திக் குத்திப் பார்ப்பது முன்னாளைய வழக்கம். உடையாமல் இருக்கும் மேற்பரப்பு அதனால் உடைந்துபோகலாம் என்பதால் இன்று அதைத் தவிர்க்கிறார்கள். வீட்டிலும் குண்டூசி கொண்டு பல்லைக் குத்துவது கூடவே கூடாது.

ஏன் துளைத்தார்கள்? ஏன் இப்போது தயங்குகிறார்கள்?

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜி.வி.பிளாக் என்பவர் பல் அடைக்கும் முறைக்கு ஒழுங்கு வகுத்தார். சொத்தைப் பகுதியோடு நில்லாமல், இனிமேல் சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பகுதியையும் சேர்த்துக் குடைந்து அடைத்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஃபுளோரைடு அறியப்படாத, அடைக்கும் பொருள் பல்லோடு ஒட்டாத அக்காலத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

ஆனால் அடைப்பு நிரந்தரமானதன்று. சில ஆண்டுகளில் அது தேயும், விளிம்பில் இடைவெளி விடும், அல்லது பெயர்ந்து விழும். ஒவ்வொரு முறை மாற்றி அடைக்கும்போதும் குழி சற்றுப் பெரிதாகிறது. பத்து வயதில் தொடங்கிய சிறு அடைப்பு ஐம்பது வயதில் பல்லையே கொண்டுபோய்விடுவதும் உண்டு. எனாமல் ஒரு முறை உருவான பிறகு மீண்டும் வளரும் உயிரணுக்கள் அதில் கிடையா. நகமும் முடியும் வெட்டினால் வளரும். எனாமலைக் குடைந்தால் குடைந்ததுதான். எனவேதான், குடையாமல் காக்க முடிந்த பல்லைக் குடைய வேண்டாம் என்பது இன்றைய மருத்துவத்தின் போக்காக இருக்கிறது.

ஃபுளோரைடு செய்வது என்ன?

துளையிடாச் சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை ஃபுளோரைடு. இதன் வரலாறு சுவையானது. 1901-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்குப் போன பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அவ்வூராரின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டார். அந்தக் கறைபட்ட பற்களில் சொத்தை குறைவாக இருப்பதும் பின்னர் தெரிய வந்தது. காரணம் குடிநீரிலுள்ள ஃபுளோரைடு என்பது 1931-ல் கண்டுபிடிக்கப்பட்டது. குறைந்த அளவில் சேர்த்தால் கறையின்றிப் பயன் மட்டும் கிடைக்குமா என்று பார்க்க, 1945-ல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரக் குடிநீரில் அதைக் கலந்தனர். அங்கே குழந்தைகளின் சொத்தை வெகுவாகக் குறைந்தது.

ஃபுளோரைடு பல்லின் மேற்பரப்பில் இருக்கும்போது, வெளியேறிய தாது மீண்டும் படிவதை விரைவுபடுத்துகிறது. அப்படிப் படியும் தாது முன்னையதைவிட உறுதியானது. எனாமல் 5.5-ல் கரையும் என்றோம். ஃபுளோரைடு சேர்ந்த தாது சுமார் 4.5 வரை தாங்கும். இப்பயன் பெரும்பாலும் பல்லின் மேல் படுவதால் கிடைக்கிறது, விழுங்குவதால் அன்று.

இங்கே நம் பகுதிக்குரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. அதனால் பல்லில் கறையும், நாள்பட எலும்பிலும் கேடும் உண்டாகின்றன. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு 2013-ல் செயலுக்கு வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அத்தகைய ஊர்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் குடிப்போர், குழந்தைகளுக்கு ஃபுளோரைடு சிகிச்சை செய்யுமுன் இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஃபுளோரைடு உள்ள பற்பசையால் நாள்தோறும் இரு முறை பல் துலக்க வேண்டும். ஒரு முறை, உறங்கப் போகுமுன் கட்டாயம். பயன் தருவதற்கு 1000 முதல் 1500 பி.பி.எம். வரை வேண்டும் என்பர். இந்தியாவில் பற்பசையில் 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். மூலிகைப் பற்பசைகள் பலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை.

2. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரப் படங்களில் காட்டுவது போல் பிரஷ் நிறைய வைப்பது வீண். குழந்தை விழுங்கிவிடவும் செய்யும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிடுவதே நல்லது.

3. துலக்கிய பின் நுரையைத் துப்பிவிட வேண்டும்; தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளிக்கலாகாது. கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடுகிறது.

4. இனிப்பைச் சாப்பாட்டு வேளையோடு சேர்த்துக்கொண்டு, இடைவேளைகளில் தவிர்க்க வேண்டும்.

5. கரித்தூள், செங்கல் தூள், உப்புக்கல் முதலியவற்றால் தேய்க்கலாகாது. இவை பல்லை வெளுப்பாக்குவது போலத் தோன்றினாலும் எனாமலைத் தேய்த்துவிடுகின்றன.

மருத்துவர் செய்யும் துளையிடாச் சிகிச்சைகள்

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2018-ல் இவற்றை ஆராய்ந்து, எந்த இடத்துச் சொத்தைக்கு எது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டது. அதன் சாரம் வருமாறு:

ஒன்று, ஃபுளோரைடு வார்னிஷ். ஐந்து சதவீத சோடியம் ஃபுளோரைடு கலந்த பிசுபிசுப்பான மருந்தைச் சிறு தூரிகையால் பல்லின் மேல் பூசுவார்கள். சில நிமிட வேலை, ஊசியில்லை, வலியில்லை. பற்களின் வெளிப்பக்கத்திலும் உட்பக்கத்திலும் இடுக்குகளிலும் உள்ள வெண்திட்டுக்கு இது ஏற்றது. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பூச வேண்டும். சிறு குழந்தைக்கும் பூசலாம்.

இரண்டு, ஃபுளோரைடு ஜெல். 1.23 சதவீத அளவுள்ள இதுவும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறைதான். பல்லின் வெளிப்பக்க, உட்பக்க வெண்திட்டுக்கு உரியது. விழுங்கிவிடும் அபாயம் இருப்பதால் ஆறு வயதுக்குட்பட்டோருக்கு இது வேண்டாம் என்பர்.

மூன்று, சீலண்ட் என்னும் மூடுபூச்சு. ஆறு வயதளவில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டு. பிரஷின் நார் அங்கே புகாது. அப்பள்ளங்களை நிரப்பி மூடிவிடுவதே இச்சிகிச்சை. பன்னிரண்டு வயதளவில் முளைக்கும் அடுத்த கடைவாய்ப் பல்லுக்கும் இது பொருந்தும். 'கிருமியை உள்ளே வைத்து மூடலாமா?' என்று கேட்கலாம். குழி விழாத ஆரம்பச் சொத்தையின் மேல் நன்றாக மூடிவிட்டால், உள்ளே சிக்கிய கிருமிகளுக்குச் சர்க்கரை கிடைக்காது, அவை ஒடுங்கிவிடும். ஆனால் மூடி பெயர்ந்துவிட்டதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான்கு, ரெசின் ஊட்டுதல். 2009-ல் ஜெர்மனியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வெண்திட்டின் மேற்பரப்பை ஓர் அமிலத்தால் திறந்து, நீரைப் போல் ஓடும் ரெசினை அதன் நுண்துளைகளில் ஊறவிட்டு, ஒளி பாய்ச்சி இறுகச் செய்வர். இரு பற்கள் ஒட்டும் இடத்து ஆரம்பச் சொத்தைக்கு இது உதவும். முன்பல்லின் வெண்மையையும் மறைக்கும். செலவு சற்று மிகுதி.

ஐந்து, சில்வர் டயமின் ஃபுளோரைடு. வெள்ளியும் ஃபுளோரைடும் சேர்ந்த நீர் மருந்து. ஜப்பானின் ஒஸாகா பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1970-ல் அந்நாட்டில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 2014-ல் அனுமதிக்கப்பட்டது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. இதன் சிறப்பு, குழி விழுந்துவிட்ட சொத்தையையும் துளையிடாமல் நிறுத்தவல்லது என்பதே. 38 சதவீத மருந்தை ஆண்டுக்கு இரு முறை தடவுவர். வெள்ளி கிருமியைக் கொல்லும். ஃபுளோரைடு பல்லை இறுக்கும். ஆனால் சொத்தைப்பட்ட இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். குழியும் குழியாகவே இருக்கும். வலியோ சீழோ உள்ள பல்லுக்கும், வெள்ளி ஒவ்வாதவர்களுக்கும் இது ஆகாது.

ஆறு, 5000 பி.பி.எம். பற்பசை. முதுமையில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் பலருக்கு அந்த வேரிலேயே சொத்தை விழுகிறது. அதற்கு இந்த வீரியமிக்க பற்பசையை நாள்தோறும் ஒரு முறையாவது பயன்படுத்தச் சொல்வர். மருத்துவர் எழுதித் தந்தாலன்றி இதை வாங்கிப் பயன்படுத்தலாகாது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மிஸ்வாக், உளூ, நோன்பு

'மிஸ்வாக் செய்கிறோமே, பற்பசையும் வேண்டுமா?' என்று கேட்போர் உண்டு. மிஸ்வாக்கின் சிறப்பு சுன்னத் என்ற முறையில் நிலைபெற்றுவிட்டது. அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. அராக் மரத்துக் குச்சியின் நார் பல்லின் படலத்தை நன்றாக நீக்கவும் செய்கிறது. இம்மரத்தைத் தமிழில் உகாய் என்பர். ஆயினும் வெண்திட்டை ஆற்றுவதற்கு வேண்டிய அளவு ஃபுளோரைடு அதில் இல்லை. எனவே ஒன்றை விட்டு மற்றதைப் பிடிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் உரிய வேளையைப் பிரித்துக்கொண்டால் போதும்.

அந்த வேளை எது? பற்பசையால் துலக்கிய கையோடு உளூச் செய்யும் பழக்கம் நம்மிடம் மிகுதி. உளூவில் மும்முறை வாய் கொப்பளிக்கிறோம். பல்லில் தங்க வேண்டிய மருந்து அத்தனையும் ஹவ்ளில் போய்விடுகிறது. ஆகவே உளூவின்போது மிஸ்வாக்கைப் பயன்படுத்துவதும், இஷாவுக்குப் பின் உறங்கப் போகுமுன் பற்பசையால் துலக்கித் துப்பிவிட்டுப் படுப்பதும் நல்லது. உளூவோடு உறங்க விரும்புவோர் முதலில் உளூவை முடித்துக்கொண்டு, அதன் பின் துலக்கலாம்.

ரமளானில் பகல் முழுவதும் வாய் உலர்ந்திருக்கும், உமிழ்நீர் குறையும். இரவிலோ இஃப்தார் முதல் ஸஹர் வரை சர்பத், பேரீத்தம்பழம், பலகாரம் என்று இடைவிடாமல் இனிப்பு சேரும். சொத்தைக்கு இதைவிட வசதி வேறில்லை. இம்மாதத்தில் தராவீஹுக்குப் பின் துலக்கிக் கொப்பளிக்காமல் விடும் துலக்கலே முக்கியம். ஸஹருக்குப் பின் துலக்குவோர், சுப்ஹு நேரம் தொடங்குமுன் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். பற்பசையின் எச்சம் தொண்டைக்குள் போனால் நோன்புக்குப் பங்கம் வரும். வார்னிஷ், ஜெல் முதலிய சிகிச்சைகளையும் இரவில் வைத்துக்கொள்வதே பேணுதல். நண்பகல் சாய்ந்த பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ். ஹனஃபீ மத்ஹபில் அவ்வாறில்லை.

சில வார்னிஷ்களில் மருந்தைக் கரைப்பதற்காக ஆல்கஹால் சேர்க்கப்படுவதால், அது கூடுமா என்ற ஐயமும் எழலாம். திராட்சை, பேரீத்தம்பழம் அல்லாதவற்றிலிருந்து எடுக்கப்படும் ஆல்கஹால் விஷயத்தில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை ஆதாரமாகக் கொண்டு, பிற்கால ஹனஃபீ உலமாக்கள் மருந்துக்கு இடமளித்துள்ளனர். வேறு மருந்தோடு கலந்து கரைந்துவிட்டதை, அதற்கீடான தூய மருந்து இல்லாதபோது சிகிச்சைக்குப் பயன்படுத்த ஷாஃபிஈ நூல்களிலும் இடமுண்டு. ஈடான வேறு சிகிச்சை இருக்குமானால் அதைக் கேட்டுப் பெறுவது மனத்துக்கு அமைதி தரும்.

சில ஐயங்கள்

*பால் பல் எப்படியும் விழப்போகிறதே. அதற்குச் சிகிச்சை எதற்கு?*

பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவை பின்னால் முளைக்கும் பற்களுக்கு இடம் பிடித்து வைக்கின்றன. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சரிந்து, புதுப்பல் கோணலாக முளைக்கக்கூடும். வேரில் சீழ் பிடித்தால் உள்ளே உருவாகும் பல்லுக்கும் கேடு வரலாம். வலியால் உண்ணாமலும் உறங்காமலும் இருக்கும் குழந்தை ஓதுவதிலும் படிப்பதிலும் எப்படிக் கருத்தைச் செலுத்தும்?

*வெள்ளி மருந்தால் பல் கறுத்துவிடுமே?*

உண்மைதான். ஆனால் அக்கறுப்பு சொத்தை நின்றுவிட்டதன் அடையாளம். கடைவாயில் யாரும் பார்ப்பதில்லை. முன்பல்லானால் பெற்றோர் மருத்துவரிடம் முன்னதாகவே பேசி முடிவு செய்ய வேண்டும். நாற்காலியில் அமரவே அஞ்சும் மூன்று வயதுக் குழந்தைக்கும், படுக்கையில் கிடக்கும் முதியவருக்கும், கறுப்பைப் பொறுத்துக்கொள்வது துளைப்பதைவிட எளிது.

*கிராம்பு எண்ணெய் போதாதா?*

கிராம்பு எண்ணெய் வலியை மரத்துப்போகச் செய்யும், சொத்தையை ஆற்றாது. வலி அடங்கியதால் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணுவது பெருந்தவறு.

*வெண்திட்டு எத்தனை நாளில் ஆறும்?*

நாள் கணக்கன்று, மாதக் கணக்கு. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து மருத்துவர் மீண்டும் பார்ப்பார். சுண்ணாம்பு போல் சொரசொரப்பாக இருந்தது வழவழப்பாகி ஒளி பெற்றால் நோய் நின்றுவிட்டது என்று பொருள். சில வேளை தழும்பு போல் வெள்ளையோ பழுப்போ தங்கிவிடும், அதனால் தீங்கில்லை.

*வார்னிஷ் பூசிய பின் பழைய பழக்கப்படியே இருக்கலாமா?*

கூடாது. செலவு குறையாமல் வரவை மட்டும் கூட்டுவது எத்தனை நாளைக்கு? இனிப்புண்ணும் தடவைகள் குறையாமலும் இரவுத் துலக்கல் இல்லாமலும் எந்தப் பூச்சும் நிலைக்காது.

எல்லை

இத்தனையும் ஆரம்ப நிலைக்கே உரியவை என்பதை மறக்கலாகாது. இரவில் தூக்கம் கலைக்கும் வலி, சூடு பட்டால் நெடுநேரம் நீடிக்கும் கூச்சம், ஈறில் கொப்புளம், முகத்தில் வீக்கம் ஆகியவை இருந்தால் நோய் பற்கூழை எட்டிவிட்டது என்று அறிய வேண்டும். அப்போது துளைக்க வேண்டாம் என்று பிடிவாதம் செய்வது அறியாமை. வீக்கத்தோடு காய்ச்சலோ, விழுங்கவும் வாய் திறக்கவும் முடியாத நிலையோ ஏற்பட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே வாசக அன்பர்கள் வலியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். இன்றிரவு குழந்தைகளின் பல்லைத் துலக்கித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். ஈறோரத்தில் வெளுப்பு எதுவும் கண்டால், வலியில்லையே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி, துளையிடாமல் ஆற்ற வழி உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மதரஸா விடுதிகளை நடத்துவோர், ஓத வந்த பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரு முறையேனும் பல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார்களாயின், பல பிள்ளைகளின் பற்கள் காப்பாற்றப்படும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அதில் மீண்டும் முளைக்காத உறுப்பை, மீட்க முடிகிற காலத்திலேயே மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.